கூடம் எப்படிப் பெரிதாகிறது

சின்ன ஹாலைப் பெரிதாகக் காட்டுவது எப்படி என்று சொல்லித்தரும் குறிப்புகள் மகளிர் இதழ்களில் ஓயாமல் வருகின்றன. சுவருக்கு வெளிர் நிறம் பூசுங்கள். ஜன்னலுக்கு எதிரே கண்ணாடி மாட்டுங்கள். திரைச்சீலையைக் கூரையை ஒட்டித் தொங்கவிடுங்கள். கால் தெரிகிற சோபாவாகப் பார்த்து வாங்குங்கள். தரையில் ஒரு பொருளும் கிடக்கக் கூடாது. தவறான யோசனைகள் என்று சொல்ல மாட்டேன். வெளிச்சம் விழுந்தால் அறை விரிகிறது. தரை எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு இடம் இருப்பதாகக் கண் நம்பிக்கொள்கிறது. எனக்குக் கேள்வி இருப்பது அந்தக் கடைசிக் குறிப்பில்தான். தரையில் கிடப்பதை யார் எடுத்து வைப்பது? எங்கே வைப்பது? ஒரு நாளைக்கு எத்தனை முறை? பெயின்ட் ஒரு தடவை அடித்தால் சில வருடங்களுக்குக் கவலையில்லை. எடுத்து வைப்பதற்கு ஓய்வே கிடையாது. சிறிய அறையைப் பெரிதாக்க மனிதர்கள் செய்த முயற்சிகளைத் தேடிப் படித்துக்கொண்டு போனபோது, அந்த எடுத்து வைக்கிற கைதான் எனக்குத் திரும்பத் திரும்பத் தட்டுப்பட்டது.

தமிழ் படித்தவள் என்பதால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். பேசும்போது ‘ஹால்’ என்கிறோம். எழுதும்போது ‘வரவேற்பறை’ என்று திருத்திக்கொள்கிறோம். பழைய வீடுகளில் அதற்குக் ‘கூடம்’ என்று பெயர். கூடம் என்றால் கூடுகிற இடம். வரவேற்பறை என்றால் வருகிறவரை வரவேற்கிற இடம். வீட்டிலேயே இருப்பவளுக்கு அந்தச் சொல்லில் நிற்கவும் இடமில்லை. ‘இல்லாள்’ என்றால் மனைவி, ‘இல்லான்’ என்றால் ஒன்றுமற்றவன் என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வோம். பெண்ணை வீட்டோடு சேர்த்தே பெயரிட்ட மொழி, வீட்டுக்குள் எந்த இடம் அவளுடையது என்று சொல்லவில்லை.

பட்டினப்பாலையில் ஒரு காட்சி உண்டு. முற்றத்தில் உணவுப் பொருள் காய்கிறது. அதைக் கவர வரும் கோழியை விரட்டப் பெண்கள் காதில் கிடந்த கனத்த குழையைக் கழற்றி எறிகிறார்கள். காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வ வளத்துக்குச் சான்றாகவே இதை நாம் பாடம் நடத்துகிறோம், நானும் அப்படித்தான் நடத்துகிறேன். ஆனால் அந்த முற்றத்தில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? காயவைத்ததற்குக் காவல் இருந்தார்கள். குழை பொன்னாக இருந்தாலும் வேலை வேலைதான்.

தஞ்சை வட்டாரத்துப் பழைய வீடு ஒரே நேர்கோட்டில் போகும். திண்ணை, ரேழி, முற்றம், தாழ்வாரம், கூடம், அடுக்களை, கொல்லை. செட்டிநாட்டில் இதுவே வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீளும். வாசலிலிருந்து கொல்லை வரை நடந்து பார்த்தால் ஆண்களின் இடத்திலிருந்து பெண்களின் இடத்துக்கு, உலர்ந்த தரையிலிருந்து ஈரத் தரைக்குப் போய்ச் சேருவோம். நடுவில் இருப்பது கூடம். அதில் பொருள் அதிகம் இருக்காது. ஊஞ்சல், சுவரோரம் ஒரு பெட்டி, சாய்த்து வைத்த மணைகள், சுருட்டி வைத்த பாய்கள். சாப்பாட்டு நேரத்தில் அது சாப்பிடும் இடம், மதியம் தலை சாய்க்கும் இடம், இரவில் வீடே படுக்கும் இடம். கல்யாணமும் அங்கேதான், சாவும் அங்கேதான். ஒரே தரை பத்து வேலைக்கு உதவியது என்று கட்டிடக்கலைஞர்கள் இன்று சிலாகிக்கிறார்கள். சிலாகிக்கட்டும், அது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் தரை தானாக உருமாறவில்லை. விடியுமுன் எழுந்து பாய்களைச் சுருட்டியவள், எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் இலை எடுத்துத் துடைத்தவள், மதியத்துக்கு மறுபடி விரித்தவள் ஒருத்தி இருந்தாள். பெண் முதலில் எழுந்து கடைசியில் படுக்க வேண்டும் என்பதை நற்குணப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பாதிக் காரணம் கூடத்தின் தரைதான் என்று நினைக்கிறேன். அவள் எழாவிட்டால் அது காலைக்கு மாறாது.

மாதத்தில் மூன்று நாள் அவளுக்குக் கூடமே கிடையாது. கொல்லைப்புறத்து மூலைதான். அப்புறம் திண்ணைக்கு மேல் ஏற முடியாதவர்கள் இருந்தார்கள், திண்ணையருகே வரக்கூட விடப்படாதவர்கள் இருந்தார்கள். அந்த வீட்டுக்கு நெல் குற்றவும் சாணம் அள்ளவும் வந்த பெண்கள் கொல்லை வழியாக வந்து கொல்லை வழியாகவே போனார்கள். முற்றத்து வீட்டை நம் பண்பாடு என்று பொதுவாகப் புகழும்போது, யாருடைய பண்பாடு என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஓரறைக் குடிசையில் வாழ்ந்தவர்களுக்கு முற்றமோ கூடமோ இல்லை. வாசல்தான் அவர்களுடைய கூடம். இல்லத்துக்கு முன்பக்கம் என்ற பொருளில் ‘இல்முன்’ என்பது முன்பின்னாக மாறி ‘முன்றில்’ ஆயிற்று என்று பள்ளி இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். குடிசைப் பெண்கள் சாணம் தெளித்து, பெருக்கி, அடுப்பு மூட்டி, பிள்ளைக்குத் தலைவாரி அந்த முன்றிலை அறையாக்கினார்கள். வீட்டைப் பெரிதாக்க அவர்கள் கண்டுபிடித்த வழி அது. மழை வந்தால் அந்த அறை போய்விடும்.

இனிக் கொஞ்சம் வெளியே போகலாம். இன்று நமக்குக் குறிப்புகளாக வந்துசேரும் யோசனைகள் பலவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

1869இல் அமெரிக்காவில் கேத்தரின் பீச்சரும், ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ எழுதிய அவருடைய தங்கை ஹேரியட் பீச்சர் ஸ்டோவும் சேர்ந்து ‘தி அமெரிக்கன் உமன்ஸ் ஹோம்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். அதில் ஒரு வீட்டு வரைபடம் உண்டு. 25 அடிக்கு 16 அடி அறை ஒன்று. நடுவே உருளை வைத்த உயரமான மறைப்பு. அதன் ஒரு பக்கம் துணி மாட்டும் அலமாரி, மறுபக்கம் அழகான சுவர் போன்ற தோற்றம். இரவில் அதை இழுத்து நடுவில் நிறுத்தினால் படுக்கையறை. பகலில் ஓரமாகத் தள்ளிவிட்டால் விருந்தினர் உட்காரும் பெரிய கூடம். சமையலறையில் எந்தப் பொருள் எந்தத் தட்டில் இருக்க வேண்டும், எத்தனை அடி தூரத்தில் இருக்க வேண்டும் என்றுகூட அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். வீட்டு வேலையை யாரும் வேலையாகவே எண்ணாத காலத்தில் அதற்கு அளவுகோல் பிடித்தவர் பீச்சர். அதே பீச்சர் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று வாதிட்டார். பெண்ணின் அரசாங்கம் வீடு என்பது அவர் கட்சி. திருமணமே செய்துகொள்ளாமல், தனக்கென்று நிலையான வீடு இல்லாமல், ஊர் ஊராகப் போய் மற்றவர் வீடுகளில் தங்கியே வாழ்நாளைக் கழித்தவர் இதைச் சொன்னார் என்பதை நினைத்தால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

உருளும் மறைப்பைவிட ஒரு படி மேலே போனவர் நெதர்லாந்தின் ட்ரூஸ் ஷ்ரோடர். 1889இல் பிறந்தவர். வழக்கறிஞரான கணவருக்கும் அவருக்கும் பிள்ளை வளர்ப்பு முதல் எதிலும் ஒத்துப்போகவில்லை. உட்ரெக்ட் நகரில் அவர்கள் வாழ்ந்த பெரிய வீட்டில், 1921இல், தனக்கென்று ஒரே ஓர் அறையை மாற்றியமைத்துத் தரும்படி கெரிட் ரியட்வெல்ட் என்ற மரச்சாமான் வடிவமைப்பாளரைக் கேட்டார். அறைகள் நிறைந்த வீட்டில் அவருக்கு அந்த ஓரறை தேவைப்பட்டது. 1923இல் கணவர் இறந்தார். அடுத்த வருடமே, ஒரு மகனும் இரண்டு மகள்களுமாக, ஊரின் விளிம்பில் ஒரு வீட்டு வரிசையின் கடைசியில் சின்ன மனை வாங்கி, ரியட்வெல்டோடு சேர்ந்து வீடு கட்டினார்.

அந்த வீட்டின் மாடியில் நிலையான சுவர்களை வைக்க வேண்டாம் என்றவர் ட்ரூஸ். ஆனாலும் பிள்ளைகளுக்குத் தூங்கும்போது தனியிடம் வேண்டும். அதனால் நகர்த்தக்கூடிய பலகைச் சுவர்கள் வந்தன. இரவில் இழுத்துவிட்டால் தனித்தனி அறைகள். காலையில் தள்ளிவிட்டால் மாடி முழுதும் ஒரே கூடம். மூலையில் இரண்டு ஜன்னல்கள் சந்திக்கும் இடத்தில் தூண் கிடையாது. இரண்டையும் திறந்தால் அறையின் மூலையே காணாமல் போய்விடும். சிறிய அறையைப் பெரிதாக்கியதற்கு இதைவிடத் துணிச்சலான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நகராட்சி விதிப்படி அறை என்றால் சுவர் வேண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? அனுமதிக்கான வரைபடத்தில் மாடியைப் பரண் என்று காட்டிவிட்டார்கள். ஒரு பெண் தன் பிள்ளைகளோடு வாழ நினைத்த விதத்துக்கு அரசாங்கத் தாளில் கிடைத்த பெயர் பரண்.

இதே வீட்டின் கீழ்த்தளத்தைப் பார்க்காமல் நகர முடியாது. அங்கே வழக்கமான சுவர்களோடு வழக்கமான அறைகள். சமையலறையும் அங்கேதான். சமைத்ததை மாடிக்கு ஏற்ற ஒரு சின்னத் தூக்கிப் பெட்டி உண்டு. சமையலறையோடு வேலைக்காரப் பெண்ணுக்கு ஓர் அறை. அந்த அறையின் சுவர்கள் நகராதவை. மாடியில் சுவர்களைத் தள்ளிவிட்டுச் சுதந்திரத்தை யோசித்தவர்களுக்குக் கீழே நகராச் சுவருக்குள் ஒருத்தி தேவைப்பட்டிருக்கிறாள். ட்ரூஸைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரே நெடுங்காலம் பெயரின்றி இருந்தவர்தான். அந்த வீட்டை ரியட்வெல்ட் ஒருவரின் படைப்பாகவே கட்டிடக்கலை நூல்கள் சொல்லிவந்தன. ட்ரூஸ் வாடிக்கையாளர், அல்லது விதவை. 1985இல் சாகும்வரை 60 வருடம் அவர் அதே வீட்டில் வாழ்ந்தார். 2000இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்று அவருடைய பெயரும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. கீழறையில் இருந்தவளின் பெயர் என் கண்ணில் படவில்லை.

உட்ரெக்ட் வீடு ஒன்றே ஒன்று. ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் நடந்தது ஏறத்தாழ 10,000 வீடுகளில். முதல் உலகப் போருக்குப் பின் தொழிலாளர் குடியிருப்புகளை நகர நிர்வாகம் வேகமாகக் கட்டிக்கொண்டிருந்தது. எர்ன்ஸ்ட் மாய் அதற்குத் தலைமை. அவருடைய குழுவில் இருந்த ஆஸ்திரியக் கட்டிடக்கலைஞர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அதுவரை தொழிலாளர் வீடுகளில் சமைப்பது, சாப்பிடுவது, பிள்ளை வளர்ப்பது, சில சமயம் படுப்பது எல்லாம் ஒரே அடுப்பங்கரை அறையில் நடந்தன. அவர் சமையலைப் பிரித்தெடுத்து 1.9 மீட்டர் அகலமும் 3.44 மீட்டர் நீளமும் உள்ள ஓர் அறைக்குள் அடக்கினார். நம் கணக்கில் 70 சதுர அடி. ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் சமையலறைதான் அவருக்கு மாதிரி. அரிசி, மாவு, சர்க்கரைக்குப் பெயர் எழுதிய அலுமினிய இழுப்பறைகள், சுவரிலிருந்து மடக்கி இறக்கும் இஸ்திரிப் பலகை, உட்கார்ந்து வேலை செய்யச் சுழலும் முக்காலி, கூடத்துக்குப் போக நகரும் கதவு. கதவைத் திறந்து வைத்தால் சமைத்துக்கொண்டே பிள்ளைகளைப் பார்க்கலாம்.

இன்றைய மாடுலர் கிச்சனின் பாட்டி இது. அவருடைய நோக்கம் நேர்மையானது. பெண்ணின் அடிகளைக் குறைத்தால் அவளுக்கு நேரம் மிஞ்சும், மிஞ்சிய நேரத்தில் படிப்பாள், சம்பளத்துக்கு வேலைக்குப் போவாள். அவர் இடதுசாரி. பின்னாளில் ஹிட்லருக்கு எதிரான ரகசிய இயக்கத்தில் இருந்து 1941இல் கெஸ்டபோவிடம் பிடிபட்டு, போர் முடியும்வரை சிறையில் கிடந்தவர். 2000இல், 103 வயதுக்கு ஐந்து நாள் குறைவாக இருந்தபோது இறந்தார். ஆனால் வரைபடத்தில் இன்னொன்றும் நடந்துவிட்டது. சமையலறை சுருங்கியதால் கூடம் விடுதலையானது. கரி, புகை, ஈரம், சட்டி எல்லாம் போய், கூடம் ஓய்வெடுக்கும் இடமானது. யாருடைய ஓய்வு? 70 சதுர அடிக்குள் ஒருத்திதான் நிற்க முடியும். உதவிக்கு இன்னொருவர் வந்தால் இடிபடும். கணவர் வராததற்கு இப்போது இடமும் ஒரு காரணமானது. 1970களில் பெண்ணியவாதிகள் இந்தச் சமையலறையைக் கடுமையாக விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனாலும் குறையை ஷுட்டே-லிஹோட்ஸ்கி தலையில் மட்டும் கட்ட மனம் வரவில்லை. சமையல் பெண்ணுக்கு என்று முடிவு செய்தது அவர் அல்ல. அந்த முடிவின்மீதுதான் அவர் அளவெடுத்தார்.

நம் அடுக்குமாடிகளில் கதை நேர் எதிராகத் திரும்பியிருக்கிறது. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்து ‘ஓப்பன் கிச்சன்’ ஆக்கினால் ஹால் பெரிதாகத் தெரியும் என்கிறார்கள். தெரிகிறது, உண்மைதான். கூடவே தாளிப்பு நெடி ஹாலுக்கு வருகிறது, கழுவாத பாத்திரமும் ஹாலுக்கு வருகிறது. பூட்டிய சமையலறையில் சட்டியைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் உட்கார முடிந்தது. திறந்த சமையலறை எந்நேரமும் விருந்தாளிக்குத் தயாராக இருக்க வேண்டும். சுவர் இருந்தால் தனிமை, சுவர் இல்லாவிட்டால் கண்காணிப்பு. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ 1988இல் நூலாக வந்தது. அறைமேல் அறையாகச் சேர்ந்துகொண்டே போகும் ஒரு பெரிய குடும்பத்தின் வீட்டில், பெண்கள் வாழும் சமையலறை மட்டும் மூலையில் அப்படியே கிடப்பதைச் சொல்லும் கதை அது. வீடு பெரிதாவதால் மட்டும் அவளுக்கு இடம் கூடிவிடாது. கவிஞர் சல்மா, வீட்டார் கண்ணில் படாமல் இரவில் கழிப்பறைக்குள் இருந்து கவிதை எழுதியதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வர்ஜீனியா உல்ப் எழுதுகிறவளுக்குத் தனியறை வேண்டும் என்ற நூலை 1929இல் வெளியிட்டார். பல பத்தாண்டுகள் கழித்தும் தமிழில் எழுதிய ஒருத்திக்கு உள்ளிருந்து தாழிட முடிந்த இடம் அதுவாகத்தான் இருந்தது.

தாழைப் பற்றிச் சொல்லும்போது பீரோ நினைவுக்கு வருகிறது. சின்ன ஹாலில் பெரிய பொருள்களை ஒழித்துக்கட்டுங்கள் என்பது இன்னொரு குறிப்பு. ஒரு 10க்கு 10 அறையை எடுத்துக்கொள்வோம், 100 சதுர அடி. 6 அடிக்கு 4 அடிக் கட்டில் 24 சதுர அடியைத் தின்றுவிடும். 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழமுள்ள இரும்பு பீரோ நாலரை. இரண்டும் சேர்ந்து கால்வாசிக்கு மேல். இரண்டும் பெரும்பாலும் சீர்வரிசையில் வந்தவை. அம்மா அப்பா கடன் வாங்கிக் கொடுத்ததை இடத்தை அடைக்கிறது என்று எப்படித் தள்ளுவாள்? அதுவும் பீரோ. பல வீடுகளில் பெண்ணின் கையில் சாவி இருக்கும் ஒரே பொருள் அதுதான். பட்டுப்புடவை, அடகுச் சீட்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், யாருக்கும் தெரியாமல் சேர்த்த 500 ரூபாய் எல்லாம் அதற்குள்ளே. கதவில் ஆளுயரக் கண்ணாடி வேறு. கண்ணாடி வைத்தால் ஹால் பெரிதாகத் தெரியும் என்று இதழ்கள் சொல்லித்தருவதற்கு முன்பே நம் வீடுகளில் அது வந்துவிட்டது.

முதலாண்டு மாணவிகளிடம் ஒருமுறை அவரவர் வீட்டு ஹாலை வரைந்து, யார் எங்கே உட்காருவார் என்று குறிக்கச் சொன்னேன். அப்பாவின் நாற்காலி உடனே விழுந்தது. டிவி, தாத்தாவின் கட்டில், தம்பி படிக்கும் மூலை, செருப்பு ஸ்டாண்ட் எல்லாம் வந்தன. அம்மாவை எங்கே வைப்பது என்பதில் பென்சில் நின்றது. ஒருத்தி சமையலறை நிலைப்படியில் புள்ளி வைத்தாள், பாதி உள்ளே, பாதி வெளியே. இன்னொருத்தி அம்மாவுக்குப் புள்ளிக்குப் பதிலாக அறை முழுக்கக் கோடு போட்டிருந்தாள். அம்மா உட்காரவே மாட்டாங்க மேடம், நடந்துட்டே இருப்பாங்க என்றாள். சீரியல் பார்க்கும்போதுகூட வெங்காயம் உரிப்பார் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். வகுப்பு சிரித்தது. தன் இடம் என்று ஒரே ஒரு மாணவி குறித்திருந்தது, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இருந்த சந்தை.

ஓரறை வீடுகளின் கதை வேறு. தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது. 2021இல் அதன் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். ஓலைக்குப் பதில் காங்கிரீட் கூரை, மழைக்கும் தீக்கும் பயமில்லை. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் மூன்றாம் மாடிக்கு ஏறியபோது முன்றில் கீழேயே நின்றுவிட்டது. வாசல் தெளிக்க வாசல் இல்லை. 2000ஐ ஒட்டிய வருடங்களில் இருந்து நகரின் நடுவிலிருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பிறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். மதுரையை எரித்தவளின் பெயரை இந்த இடத்துக்கு யார் தேர்ந்தெடுத்தார்களோ! வீட்டுவேலை செய்து பிழைத்த பெண்களுக்கு வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே 20 கிலோமீட்டர் வரை விழுந்தது. பலருக்கு வேலையே போயிற்று. மற்றவர்களின் ஹாலைத் துடைத்துப் பெரிதாக்கிய அதே கைகள்தான் இவை.

இந்தக் குடியிருப்புகளுக்கு மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். நடைபாதைதான் இங்கே முன்றில். கதவைத் திறந்து போட்டு, பாதி பாய் வீட்டுக்குள்ளும் பாதி பாய் வெளியிலுமாக விரித்திருப்பார்கள். பூக்கட்டுவது, கீரை ஆய்வது, பிள்ளையை வீட்டுப்பாடம் எழுத வைப்பது, சீட்டுப் பணம் எண்ணுவது எல்லாம் அங்கே. எதிர்வீட்டு டிவி இங்கே உட்கார்ந்தால் தெரியும். மாடி ஏறி வருகிறவர்களுக்காகக் கால்களை மடக்கி வழிவிடுவார்கள், அவர்கள் போனதும் மறுபடி நீட்டிக்கொள்வார்கள். எட்டு மணிக்கு மேல் ஒவ்வொருவராக எழுந்து பாயை உதறுவார்கள். உள்ளே சோறு வைக்க வேண்டும்.